பதிவேடும் ஓர் அமானத்



அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் சிறிதோ பெரிதோ, தவணையோடு எழுதிக்கொள்ளவும், எழுதுபவர் நீதியோடு எழுதவும், சாட்சி வைத்துக்கொள்ளவும் அது வழிகாட்டுகிறது. இருவருக்கு இடையிலான கடனுக்கே இவ்வளவு பேணுதல் என்றால், ஊராரின் பணத்தைக் கையில் வைத்திருக்கும் அறக்கட்டளைக்கு எவ்வளவு வேண்டும்!

எங்கள் பதிவேடுகளில் இரண்டு அமானத்கள் உள்ளன. வரவு செலவு எல்லோருக்கும் காட்ட வேண்டியது. உதவி பெறுவோரின் பெயரும் நிலைமையும் மறைத்துக் காக்க வேண்டியவை. இரண்டாவதில் நாங்கள் ஒருமுறை தவறினோம்.

ஒரு ரமளானில், பொறுப்பாளர்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டிய ஸகாத் பட்டியல் அவசரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. உடனே அழித்தோம்; அதற்குள் பலர் பார்த்துவிட்டனர். மறுநாள் ஒரு சகோதரி அலுவலகத்துக்கு வந்தார். "என் பெயரை எடுத்துடுங்க. மகளுக்கு மாப்பிள்ளை பேசிட்டிருக்கோம்" என்றார். மன்னிப்புக் கேட்டோம். ஆனாலும் அவர் அந்த உதவியை வாங்கவே இல்லை.

அதன்பின் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம்.

1. ஸகாத்துக்கு உரியோர் எட்டு வகையினர் என்று அல்குர்ஆன் (9:60) வரையறுத்திருப்பதால், அந்தப் பணத்துக்குத் தனி ஏடு. ஸதகாவுக்கு வேறு ஏடு. ரசீதோ வவுச்சரோ இல்லாமல் ஒரு ரூபாயும் நகராது.

2. உதவி பெறுவோருக்கு எண் மட்டுமே. பெயர்ப் பதிவேடு பூட்டிய பீரோவில் இருக்கும். ஆண்டறிக்கையில் குடும்பங்களின் எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் மட்டும் வரும். உதவி கொடுக்கும்போது படம் எடுப்பதில்லை.

3. ஆதார் நகல் தேவைப்பட்டால் மட்டும் வாங்குகிறோம். வேலை முடிந்ததும் கைப்பேசியிலிருந்தும் அழிக்கிறோம். தேவைக்கு மேல் தகவல் வாங்காதே, தேவை முடிந்தபின் வைத்திருக்காதே என்பதுதான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கருத்தும்.

4. கணக்கு ஏடுகளை அப்படி அழிக்க முடியாது. அறக்கட்டளைகள் அவற்றைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று வருமான வரி விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்டது. வக்ஃபுப் பத்திரங்களையோ என்றைக்கும் காக்க வேண்டும். அவற்றின் நகல் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

5. எந்த ஏடும் செயலாளர் வீட்டில் தங்காது. நிர்வாகம் மாறும்போது பட்டியலிட்டு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்.

வீட்டிலும் ஒரு நோட்டு வையுங்கள். கொடுத்த கடன், வாங்கிய கடன், பிறர் நம்பி ஒப்படைத்த நகை, எல்லாவற்றையும் எழுதுங்கள். நாம் மவுத்தான பின் நம் பிள்ளைகள் யாரோடும் சண்டையிட நேராது.

எங்களிடம் கணக்கைக் கேளுங்கள்; காட்டுவது எங்கள் கடமை. உதவி பெற்றவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள். அமானத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக, ஆமீன்.