காந்தாரத்தை விழுங்கிய இ.க்யூ

குரல் மந்தமாகக் கேட்டால் 250-லிருந்து 300 ஹெர்ட்ஸுக்குள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டு என்று இ.க்யூ சொல்லித்தரும் வீடியோக்களில் பாதி சொல்கின்றன. பாப் பாட்டுக்கு அது பல நேரம் சரிப்பட்டு வரும். கர்நாடக சங்கீதத்தை மிக்ஸ் செய்கிறவர் அதை அப்படியே நம்பினால் பாட்டும் கெடும், பெயரும் கெடும். எனக்கு இரண்டும் நடந்தன.

ஒரு பாடகியின் ஆல்பம். சுருதி ஐந்தரைக் கட்டை. முதல் மிக்ஸில் குரலை நான் அதிகம் தொடவே இல்லை. தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. "கிளியரா இல்லை, மட்டா இருக்கு" என்று சொல்லி ஒரு வீடியோவை அனுப்பினார். மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 260 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் குறைக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. குறைத்துவிட்டு, குரல் ட்ராக்கை மட்டும் சோலோவில் போட்டுக் கேட்டார். பளிச்சென்று இருந்தது. அதுவே போதும் என்று எடுத்துக்கொண்டு போனார். பாடகி கேட்டுவிட்டு, "இது என் குரலே இல்லையே" என்று சொல்லிவிட்டார். பழி என் தலையில் விழுந்தது. மிக்ஸ் வேறொருவர் கைக்குப் போனது, பாக்கிப் பணம் வரவே இல்லை.

என்ன ஆனது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப். ஆதார ஷட்ஜம் 208 ஹெர்ட்ஸ். அதிலிருந்து அந்தர காந்தாரம் 260, பஞ்சமம் 311, மேல் ஷட்ஜம் 415. அந்த ஆல்பத்தின் பிரதான உருப்படி மோகனம். ஆலாபனையில் அவர் காந்தாரத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் குரலின் உடம்பு காணாமல் போய், மேலே இருக்கும் கீச்சு மட்டும் மிஞ்சியது. மேல் ஷட்ஜத்துக்குப் போனதும் குரல் திடீரென்று முன்னால் பாய்ந்தது. ராகம் எந்த இடத்தில் இளைப்பாற வேண்டுமோ, அந்த இடத்தையே வெட்டியிருந்தோம்.

பாப் பாட்டில் சுதி பாட்டுக்குப் பாட்டு மாறும், கார்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே 260-ல் ஒரு வெட்டு போட்டால் அது எல்லா ஸ்வரத்துக்கும் பங்கு போய்விடும். நம் கச்சேரியில் சுருதி முதலிலிருந்து மங்களம் வரை அசையாது. ஆகவே குறுகலாகப் போடும் ஒவ்வொரு வெட்டும் ஏதோ ஒரு ஸ்வரத்தின் மேல்தான் விழும், பாட்டு முழுக்க விழுந்துகொண்டே இருக்கும். ப்ளக்-இன்னைத் திறக்கும் முன்பே பாடகரின் கட்டையைக் கேட்டு, ஏழு ஸ்வரத்துக்கும் ஹெர்ட்ஸ் கணக்கை ஒரு தாளில் எழுதி ஸ்பீக்கர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

மிருதங்கமும் இதில் சேர்த்திதான். வலந்தலையைச் சுருதியோடு சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். நடுவில் உள்ள கரணையால்தான் சாதாரணத் தோற்கருவிக்கு இல்லாத ஸ்வர ஒழுங்கு அதற்கு வருகிறது என்று சி.வி.ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். அதை வெறும் டிரம்மாக நினைத்து, டிரம்முக்கான ப்ரீசெட்டைப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஹை-பாஸ் ஃபில்டரை, இந்தச் சுருதியில் பாடும் பெண் குரலுக்கு 80-ஐத் தாண்டி நான் ஏற்றுவதில்லை. 150-ல் வைக்கச் சொல்வார்கள். ஐந்தரைக் கட்டையில் மந்தர பஞ்சமம் 156. ஃபில்டர் வைத்த இடத்திலேயே சத்தம் 3 டெசிபல் குறைந்திருக்கும். பாடகி கஷ்டப்பட்டு இறங்கிப் பிடித்த ஸ்வரம் அது. 'ஸ' உறுத்தினால் 5-லிருந்து 8 கிலோஹெர்ட்ஸுக்குள் டீ-எஸ்ஸர் போடுங்கள், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எதையாவது ஏற்றினால், மொத்தச் சத்தம் எவ்வளவு கூடியதோ அவ்வளவு இறக்கிவிட்டு பைபாஸ் செய்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

சரி, அந்த மந்தம் எங்கிருந்து வந்தது? குரலிலிருந்து வரவில்லை. பாட்டு முழுக்கப் பின்னால் எலக்ட்ரானிக் தம்புரா ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டி 208-ஐயும் அதன் அக்கம்பக்கத்தையும் இடைவிடாமல் நிரப்பிக்கொண்டே இருக்கிறது, குரல் அதற்குள் புதைகிறது. ஆல்பம் கைவிட்டுப் போன பிறகும் என்னிடம் இருந்த ட்ராக்குகளில் இதைச் சோதித்துப் பார்த்தேன். குரலில் இருந்த வெட்டை எடுத்துவிட்டு, தனியாகப் பதிவுசெய்த தம்புரா ட்ராக்கில் 200-லிருந்து 300 வரை அகலமாக 3 டெசிபல் குறைத்தேன், அதன் சத்தத்தையும் கொஞ்சம் இறக்கினேன். காந்தாரம் முழு உருவத்தோடு வந்து நின்றது. தம்புரா குறைந்ததாகவே தெரியவில்லை, அதன் ஜீவாளி மேல் அதிர்வுகளில் அல்லவா இருக்கிறது! சோலோவில் கேட்டு முடிவெடுத்திருந்தால் இது கடைசிவரை பிடிபட்டிருக்காது.

மிக்ஸ் வெளியே போகும் முன் பாடகரை ஒரு முறை உங்கள் அறையில் உட்காரவைத்து முழுப் பாட்டையும் கேட்கவையுங்கள். தயாரிப்பாளர் தேவையில்லை என்று சொன்னாலும் விடாதீர்கள். கேட்கவைக்க முடியாது என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள்.