வீணை பிறக்கும் நகரம்

வீணையின் இனிமையில் மயங்கும் நாம், அதைச் செய்த கைகளை நினைப்பதுண்டா? தஞ்சை நகரின் வீணைப் பட்டறைகளைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம்.

தஞ்சை வீணை, 17-ஆம் நூற்றாண்டில் இரகுநாத நாயக்கர் காலத்தில் இன்றைய உருவம் பெற்றது என்பர். 24 மெட்டுகளும் 7 தந்திகளும் உடையது. 2013-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

வீணைக்கு ஏற்றது முற்றிய பலாமரம். கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டியிலிருந்து அம்மரம் தஞ்சைக்கு வருகிறது. அதை அறுத்து, ஈரம் போக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் பின்னர் வெடிப்பு விடும். அடுத்து, குடத்தை உளியால் குடைகிறார்கள். சுவர் தடித்தால் நாதம் மங்கும். மிக மெலிந்தால் உடையும். சரியான கனத்தைப் பழகிய கையே அறியும். குடமும் தண்டியும் யாளிமுகமும் ஒரே மரத்தில் அமைந்தால் அது 'ஏகாண்ட வீணை'. தனித்தனியே செய்து இணைத்தால் 'ஒட்டு வீணை'. இறுதியில் மெழுகின்மேல் மெட்டுகளைப் பதித்துச் சுருதி சேர்ப்பர்.

இத்தொழில் தளர்ந்தது ஏன்? ஒரு காரணம் மரத்தட்டுப்பாடு. 2011 டிசம்பர் 30-இல் வீசிய 'தானே' புயலில் பண்ருட்டிப் பகுதியின் பலாமரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. ஒரே நாளில் விழுந்த மரத்துக்கு ஈடாக மற்றொன்று முற்றப் பல்லாண்டுகள் ஆகும். மற்றொரு காரணம், உழைப்புக்கேற்ற வருவாய் இன்மை. அதனால் தச்சர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலை தேடுகின்றனர். விழுந்த மரத்தின் விதையாவது முளைக்கும். கற்பிக்க ஆளின்றி மறைந்த கைத்திறன் மீண்டும் முளைக்குமா?

இதற்குப் புத்துயிர் தர வழிகள் உண்டு. இன்றே பலாக்கன்றுகளை நட வேண்டும். கடினமான அறுப்பு வேலையை இயந்திரத்திடம் விட்டு, நுண்ணிய வேலையைக் கைக்கு ஒதுக்கலாம். விருப்பமுள்ள இளைஞருக்கும் பெண்களுக்கும் உதவித்தொகையுடன் பயிற்சி அளிக்கலாம். பழைய வீணையை எறியாமல் பட்டறையில் செப்பனிட்டால் தச்சருக்கு ஆண்டு முழுதும் வேலை கிடைக்கும். வாங்குவோர் பேரம் பேசாது நியாயமான விலை கொடுத்தல் நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நம் மனம் மாற வேண்டும். தச்சராக உழைத்த புனித சூசையப்பரைப் போற்றும் நாம், தச்சு வேலையைப் படிக்காதவர் தொழில் என்று தாழ்த்தலாமா? கணக்கும் இசையும் பொறுமையும் கூடிய கல்வி அது. ஆகவே தோழியரே, மரத்தை வளர்ப்போம். அதை இசைக்கருவியாக்கும் கைகளையும் மதித்துக் காப்போமாக!