கோப்பை வென்ற அணி ஏன் கலைந்தது?
சம்பள உச்சவரம்பு வழியே கிடைப்பருமையும் வாய்ப்புச் செலவும்

2010 ஜூன் 9. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் பேட்ரிக் கேன் அடித்த கோலால் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பரிசான அந்தக் கோப்பை 49 ஆண்டுகளுக்குப் பிறகு சிகாகோவுக்கு வந்தது. ஊர்வலம் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்தத் தொடரில் 11 கோல்கள் அடித்த டஸ்டின் பஃப்லின் அட்லாண்டா அணிக்கு அனுப்பப்பட்டார். அடுத்த சில நாட்களில் கிரிஸ் வெர்ஸ்டீக் டொராண்டோவுக்கும், ஆண்ட்ரூ லாட் அட்லாண்டாவுக்கும் போனார்கள். கோல் காப்பாளர் ஆன்டி நியெமியும் அணியில் நீடிக்கவில்லை.

இவர்களில் யாரும் மோசமாக ஆடவில்லை. அணி உரிமையாளரும் பணமில்லாமல் தவிக்கவில்லை. பிறகு ஏன் அனுப்பினார்கள்? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் எழுப்பினால், மேல்நிலை முதலாம் ஆண்டுப் பொருளியலில் நாம் நடத்தும் கிடைப்பருமை, வாய்ப்புச் செலவு ஆகிய இரு கருத்துகளையும் மாணவர்கள் வரையறையாக மனப்பாடம் செய்யாமல் கணக்காகப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். விகிதம், சராசரி நடத்தும் கணித ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

உச்சவரம்பு வந்த கதை

நில உச்சவரம்பு என்ற சொல் நம் மாணவர்கள் கேள்விப்பட்டதுதான். ஒருவர் எவ்வளவு வசதி படைத்தவராக இருந்தாலும் இந்த அளவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் பொருள். சம்பள உச்சவரம்பும் அத்தகையதே. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் ஒதுக்கும் சம்பளக் கணக்கு குறிப்பிட்ட தொகையைத் தாண்டக் கூடாது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நடக்கும் தேசிய ஹாக்கி லீக்கில் முன்பு இந்த வரம்பு இல்லை. பணக்கார நகரங்களின் அணிகள் நட்சத்திர வீரர்களை வாங்கிக் குவித்தன. சிறிய நகரங்களின் அணிகள் தாக்குப்பிடிக்க முடியாமல் திணறின. கனடாவின் கியூபெக் நகர அணி 1995-இல் அமெரிக்காவின் டென்வருக்கும், வின்னிபெக் அணி 1996-இல் ஃபீனிக்ஸுக்கும் இடம்பெயர்ந்தன. தலைமுறை தலைமுறையாக ஹாக்கியோடு வாழ்ந்த ஊர்கள் தங்கள் அணியை இழந்தன.

வரம்பு வேண்டும் என்றார்கள் உரிமையாளர்கள். கூடாது என்றது வீரர்களின் சங்கம். உடன்பாடு ஏற்படாததால் உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தார்கள். 2004-05 பருவம் முழுவதும் ஒரு போட்டிகூட நடக்கவில்லை. அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பை எவருக்கும் வழங்கப்படவில்லை. இறுதியில் வீரர்கள் வரம்பை ஏற்றுக்கொண்டார்கள். 2005-06 பருவத்துக்கு அது 3.9 கோடி டாலர் என்று தொடங்கியது. லீக்கின் வருவாயை ஒட்டி உயர்ந்து, 2025-26 பருவத்தில் 9.55 கோடி டாலரை எட்டியது. கீழ்வரம்பும் உண்டு. அதே பருவத்தில் எந்த அணியும் 7.06 கோடி டாலருக்குக் குறைவாக ஒதுக்கக் கூடாது. தனி ஒரு வீரர் உச்சவரம்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் பெறவும் முடியாது.

சிகாகோவின் கணக்கு

இப்போது கரும்பலகையில் கணக்கைப் போடலாம். 2010-11 பருவத்துக்கான உச்சவரம்பு 5.94 கோடி டாலர். சிகாகோவின் ஐந்து முக்கிய வீரர்களுக்கு அந்த ஆண்டுக் கணக்கில் ஏறிய தொகை, தோராயமாக:

பிரையன் கேம்ப்பெல் – 71 லட்சம்
ஜானதன் டேவ்ஸ் – 63 லட்சம்
பேட்ரிக் கேன் – 63 லட்சம்
டங்கன் கீத் – 55 லட்சம்
மரியன் ஹோசா – 53 லட்சம்

மொத்தம் 3.05 கோடி டாலர். வரம்பில் பாதிக்கும் மேல் ஐந்து பேருக்கே போய்விட்டது. போதாக்குறைக்கு, முந்தைய ஆண்டு வரம்பைத் தாண்டி வழங்கிய ஊக்கத்தொகை ஏறத்தாழ 40 லட்சம் டாலர் இந்த ஆண்டுக் கணக்கில் கழிக்கப்பட்டது. மீதி 2.49 கோடி. ஓர் அணியில் 23 பேர் வரை இருக்கலாம். மீதமுள்ள 18 பேருக்கு இதைப் பகிர்ந்தால் ஒருவருக்குச் சராசரியாக 14 லட்சத்துக்கும் குறைவு. பஃப்லினின் சம்பளமோ 30 லட்சம்.

விடை இங்கே கிடைத்துவிடுகிறது. கேன், டேவ்ஸ் இருவரும் அதுவரை புதுமுக வீரர்களுக்கான முதல் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். அந்த ஒப்பந்தம் முடிந்து, திறமைக்கேற்ற ஊதியம் கிடைத்த அதே கோடையில் பஃப்லினுக்கு இடமில்லாமல் போயிற்று. கேனை வைத்துக்கொள்வதற்கு அணி கொடுத்த உண்மையான விலை 63 லட்சம் டாலர் மட்டுமன்று. அந்த இடத்தில் வைத்திருக்கக்கூடிய பஃப்லினும்தான். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட நேர்கிற அடுத்த சிறந்த வாய்ப்பே வாய்ப்புச் செலவு என்று நாம் சொல்வது இதைத்தான்.

நியெமியின் கதை இன்னும் தெளிவானது. ஊதியத் தகராறைத் தீர்த்த நடுவர் அவருக்கு ஆண்டுக்கு 27.5 லட்சம் டாலர் என்று தீர்ப்பளித்தார். அணி அதை ஏற்காமல் அவரை விடுவித்துவிட்டு, மார்ட்டி டர்கோ என்ற மூத்த கோல் காப்பாளரை 13 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. கோப்பையை வென்று தந்த காப்பாளர் போனதால் மிச்சமான இடம் 14.5 லட்சம். அடுத்த பருவத்தில் சிகாகோ தட்டுத்தடுமாறித்தான் இறுதிக் கட்டத் தொடருக்குள் நுழைந்தது. முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆனால் வைத்துக்கொண்ட முக்கிய வீரர்களின் துணையோடு 2013-லும் 2015-லும் மீண்டும் கோப்பையை வென்றது. ஆகவே அந்த முடிவு சரியா தவறா என்பதற்கு ஒரே விடை கிடையாது.

பரிமாறப்படுவது வீரரா, இடமா?

உச்சவரம்புக்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் புரியும். 1988-இல் எட்மன்டன் அணி, உலகின் தலைசிறந்த வீரர் எனப் போற்றப்பட்ட வேய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தது. ஈடாக வீரர்களோடும், வருங்காலப் புதுமுகத் தேர்வுகளில் முன்னுரிமைகளோடும் 1.5 கோடி டாலர் ரொக்கமும் பெற்றது. அன்று இடம்பெயர்ந்தது வீரர். அதற்கு விலையாக வந்தது பணம். உச்சவரம்பு வந்தபின் பரிமாற்றத்தில் ரொக்கம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. இன்று அணிகள் பேரம் பேசுவது பெரும்பாலும் வரம்புக்குள் இருக்கும் காலி இடத்தைப் பற்றியே.

2021-இல் அந்த லீக்கின் சிறந்த கோல் காப்பாளருக்கான விருதைப் பெற்றவர் வேகஸ் அணியின் மார்க்-ஆந்த்ரே ஃபிளூரி. அதே கோடையில் வேகஸ் அவரைச் சிகாகோவுக்குக் கொடுத்துவிட்டு, கீழ்நிலைப் போட்டிகளில் ஆடிவந்த ஒருவரை மட்டும் பெற்றுக்கொண்டது. பார்ப்பதற்கு இது நட்ட வணிகம். ஆனால் வேகஸ் பெற்றது ஒரு வீரரை மட்டுமன்று. 70 லட்சம் டாலர் இடத்தையும் பெற்றது. கொரோனாவுக்குப் பிறகு வருவாய் குறைந்து, உச்சவரம்பு 8.15 கோடியிலேயே நின்றுபோன காலம் அது.

இன்னும் வியப்பான நிகழ்வு 2016-இல் நடந்தது. டெட்ராய்ட் அணியின் பாவெல் தாட்ஸ்யூக் தாய்நாடான ரஷ்யாவுக்குத் திரும்ப முடிவெடுத்தார். 35 வயதைக் கடந்தபின் தொடங்கிய ஒப்பந்தம் என்பதால், அவர் ஆடாவிட்டாலும் 75 லட்சம் டாலர் அணியின் கணக்கில் நின்றது. அந்தச் சுமையை அரிசோனா அணி ஏற்றுக்கொண்டது. அதற்குக் கூலியாகப் புதுமுகத் தேர்வில் டெட்ராய்ட்டின் 16-ஆம் இடம் அரிசோனாவுக்குப் போனது; பதிலுக்கு 20-ஆம், 53-ஆம் இடங்கள் டெட்ராய்ட்டுக்கு வந்தன. தங்கள் ஊரில் ஒருநாளும் ஆடப்போகாத வீரரை ஓர் அணி விரும்பிப் பெற்றுக்கொண்டது!

விகிதக் கணக்கு ஒன்று

சம்பளக் கணக்கு நாள்தோறும் ஏறும். ஓர் அணி, ஆண்டுக்கணக்கில் 10 லட்சம் டாலர் இடத்தைப் பருவத் தொடக்கத்திலிருந்தே காலியாக வைத்திருக்கிறது எனக் கொள்வோம். பருவத்தில் கால்பங்கு மீதமிருக்கும்போது அது எவ்வளவு சம்பளமுள்ள வீரரைச் சேர்க்கலாம்? மீதமுள்ள காலத்துக்கு அவர் சம்பளத்தில் கால்பங்குதான் கணக்கில் ஏறும். ஆகவே 40 லட்சம் வரை சேர்க்கலாம். கொடுக்கும் அணி, அவர் சம்பளத்தில் பாதி வரை தன் கணக்கிலேயே வைத்துக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது. அப்படியானால் 80 லட்சம் சம்பள வீரரும் எட்டும் தூரத்தில் வந்துவிடுவார். பருவத்தின் இறுதிப் பகுதியில் பெரிய பரிமாற்றங்கள் குவிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வகுப்பறைச் செயல்பாடு

மாணவர்களை ஐவர் ஐவராகப் பிரித்து, குழுவுக்கு ஆறு அட்டைகள் தரவும். ஒவ்வோர் அட்டையிலும் திறன், சம்பளம் ஆகிய இரு எண்களை எழுதவும்.

அ – திறன் 9, சம்பளம் 10
ஆ – திறன் 9, சம்பளம் 10
இ – திறன் 6, சம்பளம் 15
ஈ – திறன் 6, சம்பளம் 20
உ – திறன் 5, சம்பளம் 15
ஊ – திறன் 7, சம்பளம் 25

மொத்தத் திறன் 42, சம்பளம் 95, உச்சவரம்பு 100. அணி கோப்பையை வெல்கிறது. மறு ஆண்டு உச்சவரம்பு 105 ஆகிறது. அ, ஆ இருவரின் சம்பளமும் 25 ஆக உயர்கிறது. இப்போது மொத்தம் 125. வெளியேறும் ஒவ்வொருவருக்கும் பதிலாகத் திறன் 2, சம்பளம் 5 உள்ள புதியவரைச் சேர்த்து, ஆறு பேர் கொண்ட அணியை வரம்புக்குள் கொண்டுவர வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் ஊ-வை அனுப்பலாம் என்று கண்டுபிடித்துவிடும். சம்பளம் சரியாக 105, திறன் 37. அதன்பின் அடுத்த நிபந்தனையைச் சொல்லவும்: ஊ-வின் ஒப்பந்தத்தில், தன் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்றக் கூடாது என்ற பிரிவு இருக்கிறது, அவர் சம்மதிக்கவில்லை. இப்போது அ-வை மட்டும் அனுப்பினாலும், இ, உ இருவரை அனுப்பினாலும், ஈ, உ இருவரை அனுப்பினாலும் திறன் 35 ஆகவே வரும். கணக்கு சமமாக நிற்கும் இடத்தில்தான் விவாதம் தொடங்கும். ஒரு குழு நட்சத்திரத்தை விடாது. மற்றொரு குழு ஒருவர் போனால் போதும், இருவர் ஏன் போக வேண்டும் என்று கேட்கும். தேர்வைவிட அதற்குச் சொல்லும் காரணத்துக்கே மதிப்பெண் தரலாம்.

நியாயம் யாருக்கு?

பாடத்தை எண்களோடு முடித்துவிடக் கூடாது. மேற்சொன்ன பிரிவு இல்லாத ஒப்பந்தம் என்றால், வீரரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. பருவத்தின் நடுவிலும் தொலைபேசி அழைப்பு வரலாம். பிள்ளைகளின் பள்ளியையும் வீட்டையும் விட்டு வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். நன்றாக ஆடி ஊதிய உயர்வு பெறுவதே தானோ தோழரோ வெளியேறக் காரணமாகிவிடலாம். வீரர்களின் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. நுழைவுச்சீட்டு விலைக்கோ பயிற்சியாளரின் ஊதியத்துக்கோ அந்த வரம்பு இல்லை. மறுபக்கம், வரம்பில்லாத காலத்தில் அணியையே இழந்த ஊர்களும் உண்டு. பஃப்லினும் லாடும் சேர்ந்த அட்லாண்டா அணி 2011-இல் வின்னிபெக்குக்கு இடம்பெயர்ந்தது. 15 ஆண்டுகளாக அணியில்லாமல் இருந்த அந்த ஊரில், லாட் அணித்தலைவராகவும் பஃப்லின் ரசிகர்களின் செல்லப்பிள்ளையாகவும் விளங்கினார்கள்.

அணிகளுக்கிடையே சமநிலை வேண்டும் என்று வைக்கும் விதியின் சுமையை யார் சுமக்கிறார்கள்? மாணவர்கள் இருபக்கமும் நின்று வாதிடட்டும். 2025 ஐ.பி.எல். போட்டிக்காக நடந்த ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு இருந்ததை அவர்களே எடுத்துச் சொல்லக்கூடும். "என் அணி அவரை ஏன் விட்டுவிட்டது?" என்று வருத்தத்தோடு கேட்ட மாணவர், "அவரை வைத்துக்கொண்டால் யாரை விட்டிருக்க வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கினால் வாய்ப்புச் செலவு அவருக்குப் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம்.