வயல் நீரும் தவளையும்

நமுனுகுல மலையின் ஓடைகள் தோட்ட லயன்களையும் மரக்கறித் தோட்டங்களையும் கடந்து கீழுள்ள வயல்களை அடைகின்றன. மாரி தொடங்கியதும் இவ்வோடைக் கரைகளிலும் வரம்புகளிலும் தவளைகள் கத்துவது யாவரும் அறிந்ததே. அவ்வோசை ஒரு போகத்திற் குன்றினால் கமக்காரர் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

தவளையினங்கள் உலகெங்கும் குறைந்து வருவதை 1989-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கன்ரர்பரி நகரிற் கூடிய விஞ்ஞானிகள் கவனித்தனர். பல நாடுகளில் தோலைப் பற்றும் ஒருவகைப் பங்கசு நோயே இதற்குக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. இலங்கையிலோ காடழிவே முதற் காரணமாகக் கருதப்படுகிறது. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டன. இந்நாட்டிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களிற் பெரும்பாலானவை வேறெங்கும் வாழ்வதில்லை. ஏறத்தாழ 20 இனங்கள் அற்றுப்போயின எனக் கணிக்கப்பட்டது. எனினும், 1853-இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறு தவளை 2009-இல் சிவனொளிபாத மலைக்காட்டில் மீண்டும் காணப்பட்டது. ஆகவே தேடுதல் வீணன்று.

காட்டுத் தவளைக்கும் கமக்காரருக்கும் என்ன தொடர்பு என வினவலாம். வயலை அண்டி வாழும் தவளைக்கு வேறோர் இடரும் உண்டு. அது நம் கையிலேயே உள்ளது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் இந்நாட்டுக்கே உரிய ஒரு மரத்தவளையின் வாற்பேத்தைகளை நான்கு மருந்துகள் கலந்த நீரில் வளர்த்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் இரண்டு பூச்சிநாசினிகள், இரண்டு களைநாசினிகள். மருந்தின் அளவு மிகச் சிறிதாயிருந்தும், தூய நீரில் வளர்ந்தவற்றிலும் பார்க்க இவற்றுட் கூடுதலானவை இறந்தன. எஞ்சியவற்றுட் பல முதுகு வளைந்தும் உடல் வீங்கியும் காணப்பட்டன. அந்நான்கினுள் சில மருந்துகள் இந்நாட்டிற் பின்னர் தடைசெய்யப்பட்டன.

தவளை தோலினாலேயே நீரை உறிஞ்சுகிறது. ஓரளவு சுவாசிப்பதும் அதனாலேயே. ஆதலின் நீரிற் கலந்த நஞ்சு அதன் உடலினுள் எளிதிற் புகும். வாற்பேத்தையோ அந்நீரை விட்டு வெளியேற இயலாதது.

தவளை நன்மைப் பூச்சி, தீமைப் பூச்சி எனப் பிரித்து உண்பதில்லை, சிலந்தியையும் விழுங்கும். ஆயினும் வண்டு, அந்து, புழு, தத்தி ஆகியவற்றை அது உண்பது பயிருக்கு ஆதாயமே. இந்தியாவிலிருந்து முன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தொன் தவளைக்கால் ஏற்றுமதியாயிற்று. வயல்களிற் பூச்சிகள் பெருகுமென்ற அச்சமும் எழவே, 1987-இல் அவ்வேற்றுமதி நிறுத்தப்பட்டது.

தெளிகருவியை வாய்க்காலில் அமிழ்த்திக் கழுவும் வழக்கத்தைப் பலவிடங்களிற் கண்டுள்ளேன். வேலை முடிந்த களைப்பில் அதுவே எளிதாகத் தோன்றும். ஆனால் கீழ்வயலாரும் அந்நீரையே பாய்ச்சுகின்றனர். சிலர் அதிற் குளிக்கவும் செய்கின்றனர். வாளியில் நீர் எடுத்துச் சென்று கருவியை அலசி, அவ்வலசல் நீரை மருந்து தெளித்த பயிர் மீதே தெளித்துவிடுக. மழை வரும் அறிகுறி இருப்பின் தெளித்தலை ஒத்திவைக்க. பூச்சியைக் கண்ணாற் காணுமுன் நாட்கணக்கு வைத்துத் தெளிப்பது செலவே.

நீர்த்தொட்டியின் சுவரிலோ, நீரின் மேல் தாழ்ந்த இலையிலோ வெண்ணுரைக் கட்டி ஒட்டியிருப்பின், அதனை அழுக்கென்று சுரண்டி எறிதலாகாது. அது மேற்கூறிய மரத்தவளையின் கூடு. சில நாட்களில் வாற்பேத்தைகள் அதனின்று நீரில் விழும். அவை கால் முளைத்து வெளியேறும்வரை தொட்டியைக் கழுவாதிருப்பது நன்று.