அவசரப்படுத்தும் மின்னஞ்சலா? ஆற அமரப் பாருங்கள்

மருத்துவச் சந்திப்பு நாள், தடுப்பூசி நினைவூட்டல், மெடிசேவ் கணக்கு விவரம் எனப் பல தகவல்கள் இன்று நம் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. இது வசதிதான். ஆனால், மோசடிக்காரர்களும் இதே தோற்றத்தில் பொய் மின்னஞ்சல்களை அனுப்புகிறார்கள். தூண்டிலில் இரை வைத்து மீன் பிடிப்பதுபோல், நம் வாயிலிருந்தே விவரங்களைப் பிடுங்கும் இந்த வேலைக்கு ‘ஃபிஷிங்’ என்று பெயர். இதிலிருந்து உங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்பதை இந்தப் பாடம் விளக்குகிறது.

பொய் மின்னஞ்சல் எப்படி இருக்கும்?

கீழே உள்ளது ஒரு மாதிரி. நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

“அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் மெடிசேவ் கணக்கிலிருந்து கூடுதலாகப் பிடிக்கப்பட்ட 286 வெள்ளி உங்களுக்குத் திருப்பித் தரப்படும். 24 மணி நேரத்திற்குள் கீழேயுள்ள இணைப்பை அழுத்தி, உங்கள் வங்கி அட்டை எண்ணைப் பதிவு செய்யுங்கள். தவறினால் இந்தத் தொகை ரத்தாகிவிடும்.”

இதில் நான்கு அடையாளங்கள் உள்ளன.

1. ஆசை அல்லது அச்சம். பணம் வரும் என்ற ஆசையோ, கணக்கு முடங்கும் என்ற அச்சமோ முதலில் மனத்தைக் கலக்குகிறது.

2. அவசரம். யோசிக்கவும் பிள்ளைகளிடம் கேட்கவும் நேரம் தராமல் கெடு வைக்கிறது.

3. இணைப்பு. அதை அழுத்தினால் உண்மையான இணையத்தளத்தைப் போன்றே தோன்றும் பொய்த் தளம் திறக்கும்.

4. இரகசிய விவரம். வங்கி அட்டை எண், சிங்பாஸ் மறைச்சொல், கைப்பேசிக்கு வரும் ஒருமுறை மறைச்சொல் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கிறது.

எழுத்துப் பிழை இருந்தால் பொய், இல்லாவிட்டால் உண்மை என்று எண்ணிவிடாதீர்கள். இப்போது மோசடிக்காரர்கள் பிழையின்றி எழுதுகிறார்கள். தமிழில் வந்தது என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம்.

அனுப்பியவர் யார் என்று பாருங்கள்

மின்னஞ்சலின் மேல்பகுதியில் ‘சுகாதார அமைச்சு’ என்று பெயர் இருக்கலாம். பெயரை எவரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெயரை அழுத்தினால் முழு முகவரி தெரியும். ‘@’ குறிக்குப் பின்னால் வரும் எழுத்துகளின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அரசாங்க முகவரிகள் பொதுவாக ‘ஜிஓவி புள்ளி எஸ்ஜி’ என்று முடியும். ‘ஜிஓவி-எஸ்ஜி புள்ளி காம்’ என்பது அதுவல்ல. நடுவில் புள்ளிக்குப் பதில் சிறு கோடு இருப்பதையும், இறுதியில் ‘காம்’ ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள்.

முகவரி சரியாகத் தெரிந்தாலும் அது மட்டும் போதாது. 2021 டிசம்பரில், உள்ளூர் வங்கி ஒன்றின் பெயரில் வந்த பொய்க் குறுஞ்செய்திகளால் ஏறக்குறைய 790 பேர் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளி இழந்தனர். அந்தப் பொய்ச் செய்திகள், வங்கி முன்பு அனுப்பிய உண்மைச் செய்திகளின் வரிசையிலேயே வந்து சேர்ந்தன. அதன் பிறகு 2022 ஜனவரியில், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல், குறுஞ்செய்திகளிலிருந்து அழுத்தக்கூடிய இணைப்புகளை வங்கிகள் நீக்குவதென முடிவானது. ஆகவே, வங்கியின் பெயரில் இணைப்புடன் செய்தி வந்தால் அதை அழுத்தாதீர்கள்.

மறக்கக்கூடாத ஒரே விதி

செய்தி காட்டும் வழியில் செல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த வழியில் செல்லுங்கள்.

மருத்துவச் சந்திப்பைப் பற்றிய செய்தி என்றால், ‘ஹெல்த்ஹப்’ செயலியை நீங்களே திறந்து பாருங்கள். வங்கிச் செய்தி என்றால், வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை அழையுங்கள். மின்னஞ்சலில் கொடுக்கப்பட்டுள்ள எண்ணை அழைக்க வேண்டாம். செய்தி உண்மையாக இருந்தால், இப்படிச் சரிபார்ப்பதால் உங்களுக்கு நட்டம் எதுவுமில்லை.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: “பலதுறை மருந்தகச் சந்திப்பைத் தவறவிட்டீர்கள். 5 வெள்ளியை வங்கி அட்டைமூலம் இங்கே செலுத்துங்கள்” என்று மின்னஞ்சல் வருகிறது. செலுத்தலாமா?

பதில்: வேண்டாம். தொகை சிறியது என்பதால் பலர் யோசிக்காமல் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் குறிவைப்பது 5 வெள்ளியை அல்ல, உங்கள் அட்டை எண்ணை.

கேள்வி 2: மின்னஞ்சல் வந்த சற்று நேரத்தில் ‘அமைச்சு அதிகாரி’ அழைக்கிறார். உங்கள் மேல் புகார் உள்ளது என்று கூறி, அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றுகிறார். பேசலாமா?

பதில்: உடனே தொடர்பைத் துண்டியுங்கள். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசிவழி பணம் மாற்றச் சொல்லமாட்டார்கள். வங்கி மறைச்சொல்லைக் கேட்கமாட்டார்கள். அழைப்பைக் காவல்துறைக்கு மாற்றவும் மாட்டார்கள்.

கேள்வி 3: பழைய நண்பரின் மின்னஞ்சலிலிருந்து “இந்தக் கோப்பைத் திறந்து பார்” என்று மட்டும் வருகிறது. திறக்கலாமா?

பதில்: முதலில் நண்பரை அழைத்துக் கேளுங்கள். அவருடைய கணக்கு வேறொருவர் கையில் சிக்கியிருக்கலாம்.

விவரங்களைக் கொடுத்துவிட்டீர்களா?

பதற்றம் வேண்டாம். ஆனால் தாமதமும் வேண்டாம்.

• வங்கியை உடனே அழைத்து, அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள்.
• சிங்பாஸ் விவரங்களைக் கொடுத்திருந்தால், மறைச்சொல்லை மாற்றுங்கள். உதவிக்கு 6335 3533 என்ற எண்ணை அழையுங்கள்.
• காவல்துறையில் புகார் செய்யுங்கள்.
• அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். அது விசாரணைக்கு உதவும்.

ஏமாந்தோர் பலர் வெட்கத்தால் வீட்டில் சொல்வதில்லை. பிள்ளைகள் திட்டுவார்கள் என்று உள்ளுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்குவதில்லை. தவறு மோசடி செய்தவருடையது, உங்களுடையது அல்ல. நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். மனக்கவலை தொடர்ந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடமும் தயங்காமல் கூறுங்கள்.

யாரிடம் கேட்பது?

செய்தி உண்மையா பொய்யா என்ற சந்தேகம் எழுந்தால், ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799-ஐ எந்நேரமும் அழைக்கலாம். அவசர ஆபத்துக்கு 999. கைப்பேசியில் எதை எங்கே பார்ப்பது என்று கற்றுக்கொள்ள, சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் உள்ள மின்னிலக்கத் தூதர்கள் இலவசமாக உதவுவார்கள்.

1799 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். அக்கம்பக்கத்தில் தனியாக வசிக்கும் மூத்தோர் இருந்தால், அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.