37 வயதில் மறுபடி முதல் படி: யூன் யோ ஜங்கிடம் கற்க வேண்டிய வேலைப் பாடம்

வேலையில் நீண்ட இடைவெளி விழுந்துவிட்டதா? குழந்தை வளர்ப்பு, வெளிநாட்டு வாசம், மணமுறிவு, உடல்நலம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். திரும்பி வந்து கதவைத் தட்டும்போது எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இத்தனை வருஷமா என்ன செஞ்சீங்க?" என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் கொரிய நடிகை யூன் யோ ஜங்கின் தொழில் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2021 ஏப்ரலில், தன் 73-வது வயதில், 'மினாரி' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதை வாங்கியவர். நடிப்புக்காக ஆஸ்கர் பெற்ற முதல் கொரியர் அவர்தான். அந்த மேடையின் படங்களை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். நமக்கு அதைவிட அதிகம் உதவக்கூடியது, 1984-ல் இரண்டு மகன்களோடு அவர் சோல் நகருக்குத் திரும்பி வந்த காலம்.

முதலில் அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்று பார்ப்போம். 1947-ல், இன்று வட கொரியாவில் இருக்கும் கேசாங்கில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மாதான் வளர்த்தார். கல்லூரியில் கொரிய இலக்கியம் படித்துக்கொண்டே டிபிசி தொலைக்காட்சி நிலையத்தில் பகுதி நேர வேலை பார்த்தார். அன்றைய கொரியத் தொலைக்காட்சி நிலையங்கள் நடிகர்களையும் தேர்வு வைத்து, தொகுதி தொகுதியாக எடுத்தன. 1966-ல் அந்தத் தேர்வில் தேறினார் யூன். நடிப்புப் பள்ளிப் பக்கமே போகாதவர், கல்லூரிப் படிப்பையும் முடிக்கவில்லை.

1971 அவருடைய ஆண்டு. எம்பிசி தொலைக்காட்சியில் ஜாங் ஹுய் பின் என்ற அரசனின் ஆசைநாயகியாக நடித்தார். சூழ்ச்சிக்காரியான அந்தப் பாத்திரத்தை மக்கள் மனதார வெறுத்தார்கள். ஒரு நடிகைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அதே ஆண்டில் இயக்குநர் கிம் கி யங்கின் 'உமன் ஆஃப் ஃபயர்' படத்தில் ஒரு வீட்டைக் கவிழ்க்கும் இளம் வேலைக்காரியாக நடித்தார். அது அவருடைய முதல் படம். கொரியாவின் புளூ டிராகன் விருதும் ஸ்பெயினின் சிட்ஜஸ் திரைப்பட விழா விருதும் வந்தன. மூன்றே ஆண்டுகளில் பாடகர் ஒருவரை மணந்துகொண்டு, உச்சத்தில் இருந்த தொழிலை விட்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது வயது 37. 1987-ல் விவாகரத்து. வளர்க்க இரண்டு பிள்ளைகள். அமெரிக்காவுக்கே போய்விட்டால் தனக்குக் கிடைக்கக்கூடியது மணிக்கு 2.75 டாலர் கூலியில் சூப்பர் மார்க்கெட் கல்லா வேலைதான் என்று பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நடிப்பை விட்டால் வேறு வழி இல்லை. ஆனால் விவாகரத்தான பெண்ணைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று பார்வையாளர்கள் நிலையத்தைக் கூப்பிட்டுப் புகார் சொன்ன காலம் அது. அவருடைய கரகரத்த குரலையும் குறை சொன்னார்கள்.

அவர் செய்தது இதுதான்: கொடுத்த வேடத்தை வாங்கிக்கொண்டார். சின்ன வேடம், துணை வேடம், அம்மா, மாமியார், பக்கத்து வீட்டுக்காரி, எதுவானாலும் சரி. "நான் கதாநாயகியாக இருந்தவள்" என்ற பழைய கணக்கை யாரிடமும் நீட்டவில்லை.

படி இறங்கலாம், ஆனால் எங்கே?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'கிடைத்த வேலையைச் செய்' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் மோசம் போவோம். யூன் எடுத்த சின்ன வேடங்கள் மூலையில் கிடந்த வேலைகள் அல்ல. கொரியாவின் குடும்பத் தொடர்கள் வாரா வாரம் வீட்டுக்கு வீடு பார்க்கப்பட்டவை. அவற்றில் இரண்டு காட்சி வந்தாலும் எழுத்தாளர்களும் இயக்குநர்களும் கவனிப்பார்கள். நாட்டின் முன்னணித் தொடர் எழுத்தாளர் கிம் சூ ஹ்யோனின் 'லவ் அண்ட் ஆம்பிஷன்' (1987), 'வாட் இஸ் லவ்' (1991-92) தொடர்களில் நடித்த பிறகு, யூன் இல்லாத குடும்பத் தொடர் அபூர்வம் என்ற நிலை மெல்ல மெல்ல வந்தது.

ஆகவே இடைவெளிக்குப் பிறகு வேலை தேடும்போது பதவியில் ஒரு படி இறங்கலாம், சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். செய்யும் வேலை நாலு பேர் கண்ணில் படும் இடமாக இருக்கிறதா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் தயாரிக்கும் அறிக்கையை முடிவெடுப்பவர்கள் படிக்கிறார்களா? வாடிக்கையாளரோடு நீங்களே பேசுகிறீர்களா? 'ஆமாம்' என்றால் சின்னப் பதவியும் நல்ல பதவிதான். 'இல்லை' என்றால் பெரிய பெயர் கொண்ட நாற்காலியிலும் ஐந்து வருடம் தேங்கிவிடுவீர்கள்.

புகார்களுக்கு அவர் பதில் சொல்லப் புறப்படவில்லை. அதற்காக அந்தப் புகார்கள் நியாயமாகிவிடாது. ஒரு பெண்ணின் குடும்ப விவகாரத்தை வைத்து அவள் பிழைப்பில் கை வைத்தது அநியாயம். அதை யாரும் திருத்தவும் இல்லை. தொடர்ந்து அவரைக் கூப்பிட்ட சில எழுத்தாளர்களும் இயக்குநர்களும்தான் அவரைக் காப்பாற்றினார்கள். உங்கள் பெயரை உள்ளே இருந்து சொல்லக்கூடியவர் இரண்டு பேராவது வேண்டும். பழைய சகாக்களோடு பேச்சை அறுத்துக்கொண்டிருந்தால் இன்றே ஒரு போன் போடுங்கள். வேலை கேட்க வேண்டாம், நலம் விசாரித்தாலே போதும்.

வசனத்தை மனப்பாடம் செய்பவர்

ஆஸ்கர் வாங்கிய அன்று கொரியச் செய்தியாளர்கள் அவரிடம் நடிப்புக் கொள்கை பற்றிக் கேட்டார்கள். தான் முறையாக நடிப்புப் படிக்கவில்லை, அந்தத் தாழ்வு மனப்பான்மையில்தான் எல்லாம் தொடங்கியது, மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கக் கூடாதென்று வசனத்தைச் சரியாக மனப்பாடம் செய்துகொண்டு வருவதே முதல் வேலை என்று சொன்னார். பிழைப்புக்காக நடித்ததால் திரைக்கதைத் தாள்கள் தனக்கு வேத புத்தகம் போல இருந்தன என்றும் சொன்னார்.

இதை வெறும் அடக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிம் சூ ஹ்யோன் எழுதும் வசனங்கள் நீளமானவை, வேகமானவை. ஒரு சொல்லை மாற்றினாலும் ஒப்புக்கொள்ளாதவர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பட்டறையில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பது சாதாரணமல்ல. பட்டம் இல்லை, பயிற்சி இல்லை, இடையில் பத்து வருடம் போய்விட்டது என்று வருந்துகிறவர்களுக்கு இதில் உடனே செய்யக்கூடிய காரியம் இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின இரவே கோப்பை முழுதும் படித்துவிடுங்கள். மற்றவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து புரட்டும்போது நீங்கள் பக்கம் சொல்லிப் பேசுவீர்கள். ஆறே மாதத்தில் அந்த இடைவெளியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.

அறுபதுக்குப் பிறகு விதி மாறியது

2003-ல் இயக்குநர் இம் சாங் சூவின் 'எ குட் லாயர்ஸ் வைஃப்' படத்தில் யூன் மறுபடி பெரிய திரைக்கு வந்தார். கணவன் சாகக் கிடக்கும்போது வேறொருவரோடு பழகும் மாமியார் வேடம். அவர் வயது நடிகைகள் பலர் தொடத் தயங்கியிருப்பார்கள். 2010-ல் அதே இயக்குநரின் 'தி ஹவுஸ்மெய்ட்'. அந்தப் படத்தின் மூலக்கதை கிம் கி யங் 1960-ல் எடுத்தது. அதே கதையைத்தான் கிம் 1971-ல் 'உமன் ஆஃப் ஃபயர்' என்று திரும்ப எடுத்தார். அதாவது 24 வயதில் எந்தக் கதையில் இளம் வேலைக்காரியாக வந்தாரோ, அதே கதைக்கு 63 வயதில் மூத்த வேலைக்காரியாகத் திரும்பி வந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் கர்ப்பமாக இருப்பதை முதலில் மோப்பம் பிடித்து, எஜமானியின் அம்மாவிடம் போய்ச் சொல்பவள் அவள். முதலாளி வீட்டில் வருடக்கணக்கில் எல்லாவற்றையும் விழுங்கிய ஒருத்தியின் முகத்தை அந்தப் படத்தில் பார்க்கலாம். அந்த ஆண்டு கொரியாவின் துணை நடிகை விருதுகள் பலவற்றை அதுவே அள்ளியது.

அறுபது வயதானபோது தனக்குத்தானே ஒரு முடிவு எடுத்ததாக யூன் சொல்லியிருக்கிறார். பணத்தைப் பார்க்காமல், பிடித்த மனிதர்களோடு மட்டும் வேலை செய்வது. அதைத் தன் ஆடம்பரம் என்கிறார். கொஞ்சம் பணம் தந்து பெரிய பெயர் பெறும் இயக்குநர் ஹாங் சாங் சூவின் சின்னப் படங்கள், சோல் பூங்காக்களில் முதியவர்களை நாடிப் பிழைக்கும் பெண்ணாக வரும் 'தி பாக்கஸ் லேடி' (2016), எல்லாம் அந்த முடிவில் வந்தவை.

'மனசுக்குப் பிடித்ததைச் செய்' என்று இன்று 22 வயதுக்காரர்களுக்கு எல்லோரும் சொல்கிறார்கள். யூன் அந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு. பணத் தேவை இருந்த காலத்தில் அதை மறைக்கவுமில்லை. பணம் அவசரமாகத் தேவைப்படும்போதுதான் நடிகர் நன்றாக நடிக்கிறார் என்று வெளிப்படையாகச் சொன்னவர். வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் இருக்கும் வரை சம்பளத்துக்காக வேலை செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடன் முடிந்த பிறகும் அதே பயத்தோடு அதே மேலாளரைச் சகித்துக்கொண்டிருப்பதுதான் வீண்.

இடைவெளியே மூலதனம் ஆனது

'மினாரி' ஓக்லஹோமாவின் டல்சா பக்கம், 2019 கோடையில், சுமார் 20 லட்சம் டாலர் செலவில், 25 நாட்களில் எடுக்கப்பட்டது. ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. நடிகர்கள் சிலர் ஒரே வாடகை வீட்டில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, மொழிபெயர்ப்பு வாடை அடித்த கொரிய வசனங்களைப் பேச்சு மொழியாகத் திருத்தினார்கள். இயக்குநர் லீ ஐசக் சங் தன் குடும்பக் கதையை எழுதியிருந்தார். யூனுக்கு அதில் பாட்டி வேடம். உங்கள் பாட்டியைப் போலவே நான் செய்ய வேண்டுமா என்று யூன் கேட்க, உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார் இயக்குநர்.

அந்த விடுதலையை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு ஒரு காட்சி போதும். கொரியாவிலிருந்து வந்து இறங்கிய பாட்டி சூன் ஜா, கஷ்கொட்டையைத் தன் வாயில் கடித்துத் துப்பி, பேரனுக்கு நீட்டுகிறாள். அமெரிக்காவில் வளர்ந்த பையன் அருவருத்துப் பின்வாங்குகிறான். இந்த யோசனை யூன் தந்தது. அமெரிக்காவில் இருந்த காலத்தில், கொரியாவிலிருந்து வந்த ஒரு பாட்டி இப்படிச் செய்ததைக் கண்டவர் அவர். வேலைப் பட்டியலில் வெற்றிடமாகத் தெரியும் ஃபுளோரிடா வருடங்கள்தான் ஆஸ்கர் வேடத்துக்குள் போய் உட்கார்ந்தன.

ஆகவே நேர்காணலில் இடைவெளியைப் பற்றிக் கேட்டால் மன்னிப்புக் கேட்கும் குரலில் பேசாதீர்கள். மாமனாருக்கு ஆறு மாதம் ஆஸ்பத்திரி அலைச்சல் பார்த்தவருக்குக் காப்பீட்டுப் படிவங்களின் ஒவ்வொரு வரியும் தெரியும். காப்பீட்டு நிறுவனத்தில் அது தகுதி. என்ன பார்த்தீர்கள், அது இந்த வேலையில் எங்கே உதவும் என்று ஓரிரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக 'பொறுமை கற்றேன்' என்று சொன்னால் எடுபடாது.

மறுக்கவும் தெரிய வேண்டும். 'பச்சின்கோ' தொடருக்கு ஆடிஷன் கொடுக்கச் சொன்னபோது, அந்த வேடம் பிடித்திருந்தும் யூன் ஒப்பவில்லை. ஆடிஷனில் தேறாவிட்டால் கொரியாவில் ஐம்பது வருடம் சேர்த்த பெயர் போய்விடும் என்று காரணம் சொன்னார். வேடம் கடைசியில் அவருக்கே வந்தது, 2022-ல் தொடர் வெளியானது. அறிமுக நிலையில் இருப்பவர் இப்படிப் பேச முடியாது. சின்ன வேடங்களாகச் சேர்த்த ஐம்பது வருடம் பின்னால் நின்றதால்தான் அவரால் முடிந்தது.

2025-ல் வெளியான 'தி வெடிங் பாங்க்வெட்' படத்திலும் பாட்டியாக நடித்தார் யூன், வயது எழுபதுகளின் கடைசியில். வேலைக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் இந்த வார இறுதியில் 'தி ஹவுஸ்மெய்ட்' படத்தையும் 'மினாரி'யையும் அடுத்தடுத்துப் பாருங்கள். திங்கட்கிழமை காலை முதல் விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.