42 டிகிரி வெயிலில் உங்கள் மதிப்பு என்ன?

பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு, தென் ஆஸ்திரேலியாவின் பரோசா, மெக்லாரன் வேல் திராட்சைத் தோட்டங்களில் வேலை தேடுகிறீர்களா? கவாத்து செய்யவும் குலை வெட்டவும் தெரிந்தவர்கள் அங்கே ஏராளம். 2019 ஜனவரி 24 அன்று அடிலெய்டில் 46.6 டிகிரி பதிவானது. அப்படியொரு நாளில் பழத்தைக் காப்பாற்றத் தெரிந்தவரைத்தான் மேனேஜர் கைவிடமாட்டார். அதற்கு ஸ்பிரிங்க்ளர் கூலிங், அதாவது கொடிமேல் தண்ணீர் தெளித்துக் குளிர்விப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. முதலில் ஹியூமிடிட்டியைப் பாருங்கள். தண்ணீர் ஆவியாகும்போதுதான் வெப்பம் இறங்குகிறது. 42 டிகிரி வெயில், 15 சதவீத ஈரப்பதம் என்றால் வெட் பல்ப் வெப்பநிலை, அதாவது ஆவியாதலால் குளிரக்கூடிய கடைசி எல்லை, சுமார் 22 டிகிரி. தோட்டத்தில் காற்று அவ்வளவு தூரம் இறங்காது. ஆனால் இறங்க இடம் நிறைய இருக்கிறது. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் பம்ப் ஓட்டுவது வீண்செலவு. இதை இன்டர்வியூவில் தடுமாறாமல் விளக்குங்கள், போட்டியாளர்களில் பாதிப் பேரைத் தாண்டிவிடுவீர்கள்.

2. டைமிங்தான் உண்மையான ஸ்கில். 35 டிகிரியைத் தாண்டினால் கொடியின் ஒளிச்சேர்க்கை தளர்கிறது. நேர்வெயில் படும் பழம் காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் சூடாகலாம். அதனால் உச்சிவெயில்வரை காத்திருக்காதீர்கள். சில நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், உலரவிட்டு மறுபடி ஓட்டுங்கள். எவ்வளவு இடைவெளி என்பதை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பழத்தில் காட்டி முடிவுசெய்யுங்கள். பம்பைப் போட எல்லோருக்கும் தெரியும். நிறுத்தத் தெரிந்தவர் குறைவு. இருட்டுவதற்குள் குலை உலராவிட்டால் பொட்ரைட்டிஸ் அழுகல் வரும். வெயிலில் தப்பிய பழம் அழுகலில் போனால் பழி உங்கள் மேல்தான்.

3. தண்ணீரைச் சோதியுங்கள். உப்புநீரை மேலே தெளித்தால் சோடியமும் குளோரைடும் இலையைக் கருக்கிவிடும். தண்ணீரின் உப்பளவைக் காட்டும் இ.சி. மீட்டர் ஒன்றைச் சொந்தமாக வைத்திருங்கள். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. தெளிக்கவே 10,000 லிட்டர் வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடு என்றால் வேருக்குத்தான் முதலிடம்: வெப்ப அலை வருவதற்கு முன்பே சொட்டுநீரில் மண்ணை நனைத்துவிடுங்கள். வேர் காய்ந்த கொடிக்கு மேலே எவ்வளவு தெளித்தாலும் பயனில்லை. மேனேஜர் வேறுமாதிரி நினைத்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

4. ரெக்கார்டு வையுங்கள். தெளித்த பிளாக், தெளிக்காத பிளாக், பழத்தின் வெப்பநிலை, செலவான தண்ணீர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். சம்பள உயர்வு கேட்கும்போது மேஜையில் வைக்க அது உதவும்.

அங்கே அறுவடை பெரும்பாலும் பிப்ரவரியில் சூடுபிடிக்கும். கடும்வெயில் அதற்கு முன்பே வந்துவிடும். விண்ணப்பத்தைச் சில மாதங்கள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.